பாக் கஸ்மாடி இன்று காலை உள்நுழைந்தார்

மனிதகுலம் இதுவரை செய்த பூட்டுகளில் தலைசிறந்தது, சாவி வைத்திருப்பவனையும் உள்ளே விடாத பூட்டுதான். பேரரசர்கள் அகழி வெட்டினார்கள், கோட்டை கட்டினார்கள், அகழியில் முதலை விட்டார்கள். ஆனாலும் எவனோ ஒருவன் எப்படியோ உள்ளே போய்விட்டான். யாருமே உள்ளே போக முடியாத ஒன்றைக் கட்டி முடித்த பெருமை, ஜாவாவின் வடகரையில் இருக்கும் சும்பெராரும் மாவட்டக் குடிமக்கள் பதிவு அலுவலகத்தையே சேரும். கட்டியவர் பாக் சுதர்யோ. அந்த ஊரில் ஆண்களை 'பாக்' என்றும் பெண்களை 'இபு' என்றும் மரியாதையாக அழைப்பார்கள்.

பாக் சுதர்யோ அந்த அலுவலகத்தின் 'தகவல் பாதுகாப்புத் துணைப்பிரிவுத் தலைவர்'. துணைப்பிரிவில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது என்பதால், தலைமை தாங்குவதில் அவருக்கு ஒருபோதும் சிரமம் இருந்ததில்லை. யோக்யகர்த்தாவில் ஒரு நல்ல ஹோட்டலில் நடந்த பாதுகாப்புக் கருத்தரங்குக்கு அவரை அனுப்பினார்கள். திரும்பும்போது ஒரு தோல்பை, ஒரு சான்றிதழ், ஒரு பயம் ஆகிய மூன்றையும் கொண்டுவந்தார். பையைச் சம்சாரத்திடம் கொடுத்தார். சான்றிதழைச் சுவரில் மாட்டினார். பயத்தை அலுவலகத்துக்கு அர்ப்பணித்தார்.

அலுவலகத்தின் பின்னறையில், ஊழியர்களுக்கு இல்லாத குளிர்சாதன வசதியோடு ஒரு பெட்டி இருந்தது. யார் யார் ஊழியர், யாருக்கு என்ன கடவுச்சொல் என்ற பெயர்வரிசையை வைத்திருக்கும் சர்வர் அது. பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, அலுவலக மின்னஞ்சல் என்று எந்தக் கதவைத் தட்டினாலும், கதவு இந்தப் பெட்டியிடம்தான் 'இவர் நம்ம ஆளா?' என்று கேட்கும். பெட்டி தலையாட்டினால்தான் திறக்கும். அந்தத் தலையாட்டலைத்தான் பாக் சுதர்யோ சீர்திருத்தினார்.

இனி எல்லாக் கடவுச்சொல்லும் மாதம் ஒருமுறை காலாவதியாகும் என்று அறிவித்தார். காலாவதியானதோடு வருகிறவன் சந்தேகத்துக்குரியவன். சந்தேகத்துக்குரியவனை உள்ளே விடக் கூடாது. அப்படியானால் அவன் புதுக் கடவுச்சொல் வைப்பது எப்படி? உள்ளே வந்து வைக்கலாம். உள்ளே வருவது எப்படி? காலாவதியாகாத கடவுச்சொல்லோடு வரலாம். இந்த இடத்தில் சாதாரண மூளை நின்றுவிடும். பாக் சுதர்யோவின் மூளை அந்த வட்டத்தின் அழகைப் பார்த்துக் கைதட்டியது.

முன்பெல்லாம் காலாவதியானவர்கள் இரண்டொரு முறை உள்ளே வந்து மாற்றிக்கொள்ள 'கருணை நுழைவு' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. கருணையை ரத்து செய்தார். தொலைபேசியில் கேட்டால் மாற்றித் தர மாட்டார், குரல் யாருடையதோ? நேரில் வந்து கேட்டால் புதிய அடையாள அட்டை வேண்டும் என்பார். புதிய அடையாள அட்டையை அச்சடிப்பது அதே அலுவலகம். அச்சடிக்க உள்ளே நுழைய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மணிமகுடமாக 'ஒருங்கிணைப்பு' என்று ஒன்றைச் செய்தார். ஊழியர் பெயர்வரிசையை மக்கள் பதிவேட்டோடு இணைத்தார். ஓர் ஊழியரின் இறப்பு பதிவானால், அவர் கணக்கு தானாக மூடிக்கொள்ளும். அதேபோல, கணக்கில் நடமாட்டம் இருந்தால் இறப்பைப் பதிய முடியாது. நடமாடுகிறவர் எப்படி இறந்திருப்பார்? தர்க்கத்தில் ஒரு கீறல் கிடையாது.

வாசலில் மஞ்சள் நிறத்தில் பதாகை கட்டினார்கள். 'கடவுச்சொல்லை மாற்றுவோம், கண்ணியம் காப்போம்.' எல்லாரும் பதாகைக்குக் கீழே நின்று முஷ்டியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு தின்பண்டப் பெட்டி கொடுத்தார்கள். அதில் வாழையிலையில் சுற்றிய லெம்பெர் என்ற சோற்றுருண்டை ஒன்றும், குடிக்கத் தண்ணீரும் இருந்தன. கடவுச்சொல் மாற்றும் வைபவம் இனிதே முடிந்தது.

ஒரே நாளில் பிறந்த கடவுச்சொற்கள் ஒரே நாளில்தானே சாகும்? அந்த நாள் லெபாரான் பெருநாள் விடுமுறைக்கு நடுவில் வந்து விழுந்தது. அலுவலகம் மொத்தமும் மோட்டார் சைக்கிளில் குழந்தைகுட்டிகளை ஏற்றிக்கொண்டு சொந்த ஊர் போய், மாமியார் வீட்டில் கேத்துபாட் தின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்களாகியிருந்தார்கள்.

பாக் சுதர்யோவும்தான். தனக்கென்று விதிவிலக்கு வைத்துக்கொள்ளாத உத்தமர் அவர். காலையில் தன் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கடவுச்சொல்லைத் தட்டினார். பெட்டி தலையாட்டவில்லை. மறுபடி தட்டினார். பிறகு கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, வெளியே கூச்சல் கிளம்புவதற்காகக் காத்திருந்தார்.

கூச்சல் கிளம்பவில்லை. மெல்லக் கதவைத் திறந்து பார்த்தார். முகப்பில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்த குழந்தைகள் பதிவாகிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்களில் நீர் தளும்பியது. எல்லாரும் எப்படியோ முறைப்படி மாற்றிக்கொண்டுவிட்டார்கள்! தான் மட்டும்தான் வெளியே. அதை ஒரு தலைவர் வாய்விட்டுச் சொல்வது நிர்வாகத்துக்கு நல்லதல்ல என்று முடிவு செய்தார்.

அதன்பின் அவர் வேலை எளிதாகிவிட்டது. முகப்பில் இருக்கும் இபு யூலியாத்தி மாதக் கடைசியில் ஓர் அறிக்கையை அச்சடித்துக் கொண்டுவருவாள். 'கடவுச்சொல் தொடர்பான புகார்கள்: இல்லை.' இவர் கையெழுத்துப் போட்டு மாகாணத் தலைநகருக்கு அனுப்புவார். மாகாணம் முழுக்கப் புகாரே இல்லாத ஒரே அலுவலகம் இது என்று அங்கே கண்டுபிடித்தார்கள். 'கடவுச்சொல் ஒழுக்க விருது' தருவதாகக் கடிதம் வந்தது. மாவட்ட ஆட்சித் தலைவரான புப்பாத்தியே நேரில் வந்து தருவார். பாக் சுதர்யோ புதிதாக ஒரு பத்திக் சட்டை தைக்கக் கொடுத்தார்.

சட்டை தையல்காரரிடம் இருந்தபோதுதான் இபு லஸ்மினி வந்தாள்.

இபு லஸ்மினி அலுவலக வேலியை ஒட்டி நாசி பெச்செல் சோற்றுக்கடை வைத்திருப்பவள். அலுவலகத்தின் பாதி வயிறு அவளுடைய நிலக்கடலைச் சாந்தால்தான் நிறைந்தது. அவள் கணவர் பாக் கஸ்மாடி இதே அலுவலகத்தில் பதிவாளராக இருந்து, மாரடைப்பால் காலமானவர்.

"இறப்புச் சான்றிதழ் ஒண்ணு வேணும் யூலி," என்றாள் முகப்பு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு.

யூலியாத்தியின் முகம் வெளுத்தது. "யாருக்கு இபு?"

"எனக்கென்ன பத்துப் புருஷனா? கஸ்மாடிக்குத்தான்."

"இவ்வளவு நாள் கழிச்சு இப்ப எதுக்கு இபு?"

"கல்யாணம் பண்ணிக்கப் போறேன். பஞ்சர் கடை ரஸ்மனை. ஏன்டி மூஞ்சி இப்படிப் போகுது? உனக்கும் பத்திரிகை உண்டு."

யூலியாத்தி விவரங்களைத் தட்டினாள். திரை சிவந்தது. அவள் உள்ளே போய் பாக் சுதர்யோவைக் கூட்டிவந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் படித்தார்.

'மேற்படி நபர் பணியில் உள்ளார். இன்று காலை உள்நுழைந்தார். இறப்பைப் பதிய இயலாது.'

பாக் சுதர்யோவுக்கு ஒரு கணம் தடுமாற்றமாகத்தான் இருந்தது. கஸ்மாடியின் ஜனாஸாவை முன்னால் நின்று தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கனம் இன்னும் தோளுக்கு நினைவிருந்தது. ஆனால் தோளை நம்புவதா, திரையை நம்புவதா? தோளுக்கு எந்தக் கருத்தரங்கும் சான்றிதழ் கொடுத்ததில்லை.

"இபு," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "சிஸ்டம் என்ன சொல்லுதுன்னா, உங்க வீட்டுக்காரர் வேலைக்கு வந்திருக்கார்."

"எங்க?"

"இங்கதான்."

"அப்ப வரச் சொல்லுங்க. சமையல்கட்டுக் கூரை ஒழுகுது. ஏறிச் சரிபண்ணிட்டு வந்து மிச்ச வேலையைப் பார்க்கட்டும்."

"கிண்டல் பண்ணாதீங்க இபு."

"நானா கிண்டல் பண்றேன்? கபர்ல இறக்கினப்ப கயிறு பிடிச்சது யாரு? ஆயிரமாவது நாள் யாசீன் ஓதினப்ப எங்க வீட்டுல வந்து ரெண்டு தட்டு ராவோன் கறிச்சோறு சாப்பிட்டது யாரு? யாருக்காக ஓதுறாங்கன்னு நெனச்சுச் சாப்பிட்டீங்க?"

"அது எனக்குத் தனிப்பட்ட முறையில தெரிஞ்ச விஷயம். அலுவலக முறையில எனக்குத் தெரியாது."

வரிசையில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார். "பாக் கஸ்மாடியா காலையிலேயே வந்துட்டார்? உசுரோட இருந்தப்ப பத்து மணிக்கு முன்னாடி அவரை நான் பார்த்ததே இல்லையே!"

வரிசை சிரித்தது. இபு லஸ்மினி சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை வர்றேன். அதுக்குள்ள அவரைச் சாகடிச்சு வைங்க," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.

அறைக்குள் வந்ததும் பாக் சுதர்யோ கதவைச் சாத்தினார். "யூலி. யார் கஸ்மாடி பேர்ல உள்ள போறது?"

யூலியாத்தி தரையைப் பார்த்தாள். "யாருன்னு கேட்டா... எல்லாரும்தான் பாக்."

கதை வெளியே வந்தது. கஸ்மாடிக்குக் கண்பார்வை மங்கலாகி, கடவுச்சொல் அடிக்கடி மறந்துபோனதால், முன்பிருந்த அலுவலகத் தலைவர் மனமிரங்கி அவர் கணக்குக்கு 'ஒருபோதும் காலாவதியாகாது' என்று எழுதிவைத்திருந்தார். கஸ்மாடி காலமானார். அவர் கடவுச்சொல் காலாவதியாகவில்லை. மற்றவர்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்களுடைய கடவுச்சொற்கள் காலாவதியாகிவிட்டன. லெபாரான் முடிந்து வந்த முதல் நாளே அலுவலகம் மொத்தமும் கஸ்மாடியாகிவிட்டது.

"அவர் பாஸ்வேர்டு உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?"

"அவரோட புறா பேரு பாக். புறாப் பாட்டுப் போட்டியில அது ஒவ்வொரு தடவை ஜெயிச்சப்பவும் மைக்ல சொல்லுவாங்களே. ஊருக்கே தெரியும்."

"என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லலை?"

"உங்களுதும் காலாவதியானதை நீங்க எங்ககிட்ட சொல்லலையே பாக்."

பாக் சுதர்யோ நாற்காலியில் சாய்ந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் நீங்க லீவு கேட்டு எழுதிக் குடுத்தீங்களே. அதை உள்ள ஏத்தினது பாக் கஸ்மாடி. அனுமதிச்சதும் பாக் கஸ்மாடி."

ஒரு நேர்மையான பாதுகாப்பு அதிகாரி செய்ய வேண்டியது அவருக்குத் தெரியாமல் இல்லை. கஸ்மாடியின் கணக்கை அந்த நிமிடமே மூட வேண்டும். ஆனால் அதை மூடினால் அலுவலகத்தில் ஒருவர்கூட உள்ளே இருக்க மாட்டார். புப்பாத்தி விருதோடு வருகிற நாளில் 'இன்று சேவை இல்லை' என்று பலகை தொங்கும். தவிர, கணக்கை மூடுவதற்கு அவரே வகுத்த விதிப்படி, கணக்கு வைத்திருப்பவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகவே, இப்படிப்பட்ட நெருக்கடியில் ஓர் அதிகாரி செய்யக்கூடிய மிகத் துணிச்சலான காரியத்தை அவர் செய்தார். குழு அமைத்தார்.

'காலமானோர் மற்றும் காலாவதியானோர் ஒருங்கிணைப்புக் குழு' மறுநாளே கூடியது. பதாகை கட்டப்பட்டது. லெம்பெர் வழங்கப்பட்டது. அலுவலகத் தலைவர், "முதலில், இறப்பு என்றால் என்ன என்பதை நாம் வரையறுக்க வேண்டும்," என்று தொடக்கவுரை ஆற்றிவிட்டு, வேறு கூட்டம் இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

"பாக் கஸ்மாடி பேர்லயே உள்ள போய், அவர் இறந்துட்டார்னு பதிஞ்சா என்ன?" என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

"முடியாது," என்றாள் யூலியாத்தி. "பார்த்துட்டேன். தன்னோட சொந்தப் பதிவைத் தானே திருத்தக் கூடாதுன்னு தடுக்குது. சுயலாபம்னு வருது."

"செத்துப்போறதுல என்னம்மா சுயலாபம்?"

"அமைப்பின் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும்," என்றார் பாக் சுதர்யோ கண்டிப்பாக.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு குழு ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது. கடவுச்சொல்லைப் பிறருக்குத் தெரியும்படி வைத்திருந்தது கஸ்மாடியின் குற்றம். அதற்கு அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், அவர் இறந்திருக்கலாம் என்ற 'கருத்துக்கு இடமுண்டு' என்று குறிப்பு எழுதலாம். விளக்கம் கோரும் கடிதம் பதிவுத் தபாலில் அவர் வீட்டு முகவரிக்குப் போயிற்று.

வியாழக்கிழமை இபு லஸ்மினி தனியாக வரவில்லை. கிரீஸ் படிந்த கையோடு ரஸ்மனும் பின்னால் வந்து நின்றார்.

"தபால் வந்துச்சு," என்றாள் அவள். "பதில் எழுத அவருக்குத் தோதுப்படலை. கபர்மேல வச்சுட்டு வந்தேன். மழையில நனையுது."

"இபு, அது வெறும் நடைமுறை..."

"பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சு. அடுத்த மாசம் நோன்பு வந்துடும். திருமணப் பதிவு அலுவலகத்துல என்ன சொன்னாங்க தெரியுமா? 'உன் புருஷன் அரசாங்க உத்தியோகத்துல இருக்கார், அவர் இருக்க இன்னொருத்தனைக் கட்டிக்கக் கேக்குறியே, வெக்கமா இல்லையா'ன்னாங்க. தெருவே கேட்டுச்சு. இந்த மனுஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னார்." அவள் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "நான் கஸ்மாடிக்கு ஒரு குறை வச்சதில்லை பாக். ஏழாம் நாள், நாப்பதாம் நாள், நூறாம் நாள், எல்லாம் ஓதினேன். இன்னும் என்ன செய்யணும்?"

பாக் சுதர்யோவுக்கு நெஞ்சில் என்னவோ செய்தது. ஆனால் அவருடைய வழக்கமான வாய் திறந்துகொண்டது. "விஷயம் பரிசீலனையில் இருக்கிறது."

"பரிசீலனையா? சரி. நான் மாகாணத்துக்கே போன் பண்றேன்."

அவள் பண்ணினாள். மாகாணத் தரவு மையத்திலிருந்து இபு சிஹொம்பிங் வந்தாள். பாத்தாக் இனத்துப் பெண்மணி. ஜாவாக்காரர்கள் அரைமணி நேரம் சுற்றிவளைத்துச் சொல்வதை அரைநொடியில் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுகிறவர்கள் அவர்கள். கொடுத்த தேநீரைத் தொடாமல் நேராகப் பின்னறைக்குப் போனாள். மாகாணத்தின் மூலச்சாவியால் பெட்டியைத் திறந்து, கொஞ்ச நேரம் படித்தாள்.

"யாரு வச்சது இதை?"

"நான்தான்," என்றார் பாக் சுதர்யோ அடக்கத்தோடு.

"வெளிய நிக்கிறவனை உள்ள வந்து சாவி வாங்கிக்கோன்னு சொல்றீங்க. உள்ள வரணும்னா சாவி எங்கேன்னு கேக்குறீங்க. உங்களுக்குச் சிரிப்பு வரலையா?"

"பாதுகாப்பு இபு. காலாவதியானவனை எப்படி உள்ள விடுறது?"

"உள்ள விடச் சொல்லலை. நான் சர்ச்சுக்குப் போறவ, நானே சொல்றேன். உங்க பள்ளிவாசல்ல கால் கழுவ ஓர் இடம் இருக்கில்ல? கழுவாதவன் தொழுகைக்கு வரக் கூடாது, சரி. கழுவுற இடத்துக்கே வரக் கூடாதுன்னா, அவன் எப்பத்தான் சுத்தமாவான்? அந்த மாதிரி ஓர் இடம் இதுலயும் இருக்கு. பழைய பாஸ்வேர்டைச் சரியாச் சொன்னா அது வரைக்கும் வரலாம். அங்க ஒரே ஒரு வேலைதான், புதுசு வைக்கிறது. வேற எந்தக் கதவும் திறக்காது. வழியில ஒட்டுக் கேக்க முடியாதபடி ரகசியக் கம்பியில மட்டும்தான் போகும். தப்பாவே தட்டிக்கிட்டு இருந்தா வாசலும் மூடிடும். புதுசு வச்சதும் உள்கதவு திறக்கும். இதைச் செஞ்சவங்க முட்டாள் இல்லை. நீங்கதான் அதை மூடி வச்சிருக்கீங்க."

"இவ்வளவு சுலபமா இருந்தா பாதுகாப்பு எப்படி இபு இருக்கும்?"

அவள் பெட்டியில் ஒரே ஓர் அமைவை மாற்றினாள். வெளியே வந்து தேநீரை எடுத்துக் குடித்தாள். தேநீர் இன்னும் ஆறவில்லை.

மதியத்துக்குள் அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கால்கழுவி உள்ளே வந்தார்கள். யூலியாத்தி தன் பெயரைத் திரையில் பார்த்து, தொலைந்துபோன தங்கையைக் கண்டதுபோல் அதைத் தொட்டுப் பார்த்தாள். பாக் சுதர்யோவும் யாரும் பார்க்காத நேரத்தில் உள்ளே வந்தார். கஸ்மாடியின் கணக்கு மூடப்பட்டது.

"இனி இறப்பைப் பதியலாம்," என்றாள் இபு சிஹொம்பிங், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "ஒரு விஷயம். கடைசியா உள்நுழைஞ்ச தேதிக்கு முந்தின தேதியை இது தானா ஏத்துக்காது. உண்மையான தேதியைப் போடணும்னா, அதுக்கப்புறம் அந்தக் கணக்கை வேற ஆளுங்க பயன்படுத்தினாங்கன்னு நீங்க ஓர் அறிக்கையில கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பணும். அனுப்புங்க, நான் திறந்துவிடுறேன். ரயிலுக்கு நேரமாச்சு."

அவள் போனபின் பாக் சுதர்யோ வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மேசையில் மடித்த பத்திக் சட்டை இருந்தது. மறுநாள் புப்பாத்தி வருகிறார். புகாரே இல்லாத அலுவலகத்தில் ஊழியர் அனைவரும் ஓர் இறந்த மனிதரின் பெயரால் உள்ளே போனார்கள் என்று எழுதி, அதன் கீழே தன் பெயரை எழுதுவதா? அவர் பேனாவை எடுத்தார், வைத்தார். கஸ்மாடியின் முகம் நினைவுக்கு வந்தது. நல்ல மனிதர். போட்டிக்குப் போகும்போதெல்லாம் புறாக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு இவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருவார். யாரிடமும் கோபித்துக்கொண்டதே இல்லை. இதற்கும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று பாக் சுதர்யோ முடிவு செய்தார்.

புதிய கடவுச்சொல்லோடு, ரகசியக் கம்பி வழியாக, முழுப் பாதுகாப்போடு உள்ளே போய், கஸ்மாடி இன்று காலமானார் என்று பதிந்தார். இடம் என்ற கட்டத்தில், கணக்கு கடைசியாகத் திறந்திருந்த இடத்தை அமைப்பே நிரப்பிக்கொண்டது. 'அலுவலகம், முகப்பு.' சரிபார்ப்பதற்கான நகலை இபு லஸ்மினியிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் ஆளுயரப் பூப்பலகைகள் நின்றன. செய்தி அதற்குள் பரவியிருந்தது. பணியில் இருக்கும்போதே உயிர் நீத்த ஊழியருக்கு மாவட்டத்தின் எல்லாத் துறைகளும் இரங்கல் அனுப்பியிருந்தன. புப்பாத்தி வந்திறங்கி, பலகைகளைப் பார்த்து, முகத்தை மாற்றிக்கொண்டார். விருது விழா இரங்கல் கூட்டமாகவும் நடந்தது.

புதுச் சட்டையில் பாக் சுதர்யோ மேடையேறினார். "பாக் கஸ்மாடி போன்ற ஊழியரை நான் கண்டதில்லை," என்றார். "விடுமுறை எடுத்ததில்லை. ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. கடைசி நாள் வரை, கடைசி நிமிடம் வரை, அலுவலகத்தின் முழுப் பாரத்தையும் தனியாளாகச் சுமந்தார்." பெட்டியைக் கேட்டால், அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. புப்பாத்தி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது இபு லஸ்மினி கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு முகப்புக்கு வந்தாள். கையில் அந்த நகல். ரஸ்மன் வாசலிலேயே பூப்பலகைகளுக்கு நடுவில் நின்றுவிட்டார்.

"திருமணப் பதிவு அலுவலகத்துலருந்து வர்றேன்," என்றாள் யூலியாத்தியிடம், தணிந்த குரலில். "நேத்துத்தான் விதவையானியாம்மான்னு கேட்டாங்க. இத்தா இருக்கணுமாம். நாலு மாசம் பத்து நாள். வெளிய போகக் கூடாது, கடை திறக்கக் கூடாது, மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கக் கூடாது. மறுபடி முதல்லருந்து."

யூலியாத்தி நகலை வாங்கித் தேதியைப் பார்த்தாள்.

"உண்மையான தேதியைப் போட முடியாதா?"

"போடலாம் இபு." அவள் மேடையைப் பார்த்தாள். "ஒரு கையெழுத்து வேணும். அவர் போடலை."

இபு லஸ்மினியும் மேடையைப் பார்த்தாள். பாக் சுதர்யோ கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த விருதை நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சான்றிதழ் அச்சாகறதுக்கு இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருக்கு இபு," என்றாள் யூலியாத்தி. "இறப்புக்கான காரணம். குடும்பத்துல உள்ளவங்க சொல்லணும். மாரடைப்பு, விபத்து, முதுமை, மற்றவை."

"முதல் தடவை செத்தப்ப மாரடைப்பு. இது நேத்துச் செத்ததுக்குத்தானே?"

"ஆமா."

"மற்றவை."

"மற்றவைன்னா விவரம் எழுதணும் இபு."

"எழுதிக்கோ," என்றாள் இபு லஸ்மினி. "பாக் சுதர்யோ."

யூலியாத்தி ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன் சொந்தப் பெயரில், தன் சொந்தக் கடவுச்சொல்லில், எழுத்துப் பிழை இல்லாமல் தட்டினாள். அமைப்பு ஏற்றுக்கொண்டது.